முதல் ஹவர் ஆப்சென்ட்

ஜூலை 8, செவ்வாய்
இன்றைக்கும் முதல் ஹவர் போச்சு. டேங்கர் வந்து பாலை ஏற்றும்வரை நகரக் கூடாது என்கிறார் பால் சென்டர் ஓனர் சடையப்பன். எட்டேகால் பஸ் போய்விட்டது. எங்கள் ஊர் பெருநகரிலிருந்து அடுத்த பஸ் பிடித்து, காலேஜுக்கு உத்திரமேரூரில் இறங்கும்போதே ஒன்பதேமுக்கால். முதல் ஹவர் இல்லையென்றால் அரைநாள் ஆப்சென்ட். ஐந்தரையிலிருந்து எண்பது பேர் பாலை மெஷினில் வைத்துக் கொழுப்பு பார்த்துவிட்டு வருகிறவள் கெமிஸ்ட்ரி வகுப்பில் சோம்பேறி.

ஜூலை 24
இன்டர்னலில் இருபத்தைந்துக்கு ஒன்பது. ஹேமாவதி மேடம் பேப்பரை விரல் நுனியில் பிடித்து நீட்டினார். “வேலைதான் முக்கியம்னா வேலைக்கே போ. இன்னொருத்தர் சீட்டை ஏன் அடைச்சிட்டிருக்கே?”
வகுப்பே கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேப்பரை நாலாக மடித்து நோட்டுக்குள் செருகினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
வாரத்தில் மூன்று நாள் தமிழரசனை சென்டருக்கு அனுப்பு என்று அம்மாவிடம் கேட்டேன். தம்பி இதே காலேஜில் பி.காம். முதல் வருடம். எட்டு மணிக்கு எழுந்தாலும் பைக்கில் நேரத்துக்குப் போய்விடுகிறான்.
“ஆம்பளப் புள்ள, இப்பதான் படிக்க ஆரம்பிச்சிக்கீறான். அவன் படிப்பைக் கெடுக்காத.”
என்னுடையதைக் கெடுக்கலாமா? அப்பா கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இடுப்பு போனதோடு வாயும் போய்விட்டதா அவருக்கு?

ஆகஸ்ட் 4
பைக்கிலாவது என்னை ஏற்றிக்கொண்டு போ என்று தமிழரசனிடம் கேட்டேன். சென்டர் வாசலில் பத்து நிமிஷம் நிற்க முடியாதாம் துரைக்கு.

ஆகஸ்ட் 29
அட்டெண்டன்ஸ் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு சதவீதம். எழுபத்தைந்து வேண்டும். இப்படியே போனால் நவம்பரில் ஹால் டிக்கெட் கிடையாது.

செப்டம்பர் 1
இன்றைக்கு நான் சென்டருக்குப் போகவில்லை. சடையப்பன் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அம்மா போர்வையை இழுத்தாள்.
“இன்னாடி, வேலைக்குப் போலியா?”
“உம்புள்ளைய அனுப்பு. நான் போமாட்டேன்.”
கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்படியும் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் தமிழரசன் பைக்கை உதைக்கும் சத்தம். என்னைத் திட்டிக்கொண்டே சென்டருக்குப் போனான்.
முதல் ஹவரில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பாடம் ஒன்றும் ஏறவில்லை.

செப்டம்பர் 19
வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நிம்மதி என்று எழுதத்தான் ஆசை.

அக்டோபர் 16
இரண்டாவது இன்டர்னலில் எனக்கு இருபத்தைந்துக்குப் பதினெட்டு. “பார்த்தியா, நினைச்சா முடியுது” என்றார் ஹேமாவதி மேடம். நினைப்பு முன்னாடியும் இருந்தது மேடம், காலை நேரம்தான் இல்லை. சொல்லவில்லை.
தமிழரசனுக்கு அக்கவுண்டன்சியில் எட்டு. “உன்னாலதான்” என்றான். ஜூலையில் ஒன்பது வாங்கினபோது நான் யாரைக் குற்றம் சொன்னேன் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்தோஷமாக இருந்தது. சோறு சாப்பிடும்வரைக்கும்.

நவம்பர் 12
எழுபத்தொரு சதவீதம். விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு ஹால் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். இன்று முதல் தேர்வு. நன்றாக எழுதினேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை.
சாயங்காலம் தமிழரசன் கதவருகே வந்து நின்றான். சென்டரில் மெஷின் கெட்டுவிட்டதாம். நாளையிலிருந்து ஆசிட் ஊற்றிக் கையால்தான் கொழுப்பு டெஸ்ட்.
“எவ்ளோ ஊத்தணும்க்கா?”
“பத்து மில்லி.”
போய்விட்டான். நாளைக்கு இரண்டாவது தேர்வு. இரண்டு பக்கம் புரட்டினேன். பிறகு எழுந்து போய், அந்த ஆசிட் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். லேபுக்கு வாங்கின என் கையுறையைக் கொடுத்தேன்.
கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.