மூன்றாவது இசைத்தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்திலிருந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓர் இசைத்தட்டுக் கடையில் ஒதுங்கினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஜாஸ் தட்டுகளைப் புரட்டினேன். அந்தச் சங்கீதத்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அட்டைப்படம் அழகாக இருந்த ஒன்றை எடுத்தேன்.

"படத்தைப் பாத்து வாங்காதீங்கம்மா, கேட்டுப் பாருங்க," என்று கடைக்காரர் மூன்று தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். மூன்றிலும் ஒரே பாட்டு. ஆளுக்கொரு விதமாக வாசித்திருந்தார்கள். மூன்றாவதில் சாக்ஸபோன்காரர் மெட்டை விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றினார். நீங்கள் சவரம் செய்துகொண்டே சீழ்க்கையடிப்பீர்களே, அச்சு அசல் அதே போக்கு! "ஒரு பாட்டையாவது ஒழுங்கா முடிங்களேன்!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள்.

என் கண்ணைப் பார்த்துக் கடைக்காரர், "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஜலதோஷம். இதையே குடுங்க," என்றேன்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது, தட்டைப் போட்டுக் கேட்க என்னிடம் பெட்டியே இல்லை! சிரிக்காதீர்கள். இப்போது சனிக்கிழமைதோறும் அதைக் கடைக்கே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

ஓர் உதவி அப்பா. நீங்கள் சீழ்க்கையடிப்பதை அம்மாவின் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். அவள் திட்டினால் அதுவும் இருக்கட்டும், வெட்டிவிடாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்