சப்பாத்தி மாவில் நின்ற கப்பல்

அண்ணா, பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசம்தான் முதலில் வந்தது. பிளாஸ்டிக்கை ரம்பம் போட்டால் வருமே, எரிந்தும் எரியாத நெடி. அண்ணிதான் கூப்பிட்டுக் கொடுத்தார். "ஏனுங் தம்பி, இதும் கப்பல் சாமான்தான். நீங்களே கொண்டு போயிருங்க, இங்க பல்லி முட்டை வெக்குது." உள்ளே செய்தித்தாளில் சுற்றி ஒரே ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் கப்பலின் அடிப்பாதி இருந்தது. எந்தக் கப்பல் என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அறுத்தவன் நானல்லவா?

சரக்குக் கப்பலில் பல வருஷம் சமையல் செய்துவிட்டு வடகரப்பதிக்கு வந்தவர் நீங்கள். தேங்காய் ஷெட்டில் பழைய கதவுப் பலகைக்கு நீலம் அடித்துக் கடலாக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதில் பொம்மைக் கப்பல்களை நிறுத்தி, தாயக்கட்டையும் அளவு டேப்புமாகப் போர் விளையாடினோம். பெட்டியில் வரும் கப்பலுக்கு அடிவயிறும் சேர்ந்தே இருக்கும். அப்படியே பலகையில் வைத்தால் கரையேறிய மீன் மாதிரி நிற்கும். "தண்ணிக்கு மேல தெரியறதுதான்டா நமக்குக் கப்பலு, மிச்சத்த அறுத்து வீசு" என்பீர்கள். தண்ணீர் மட்டத்துக்கு நீங்கள் பென்சில் கோடு போடுவீர்கள், நான் அறுப்பேன். தச்சன் அல்லவா? கோட்டின் நடுவிலேயே ரம்பத்தை விட்டு, பாதிக் கோடு மேலேயும் பாதி கீழேயும் நிற்க அறுப்பதில் எனக்கு ஒரு கர்வம். பெட்டியோடு வரும் இங்கிலீஷ் தாளைப் படித்துச் சொல்ல நீங்கள், நாலாங்கிளாசோடு நின்ற எனக்குக் கைவேலை.

அந்தப் பெரிய போர்க்கப்பல் வந்த அன்று, கப்பலைச் சாயாமல் நிறுத்திக் கோடு போட நான் செய்து கொடுத்திருந்த தேக்குத் தாங்கி பத்தவில்லை. "ரெண்டு நாள் பொறுங்ணா, பெருசா ஒண்ணு செஞ்சு தர்றனுங்க" என்றேன். மறுநாளே கோடு போட்டு வைத்திருந்தீர்கள். "அதே தாங்கியிலயே நிக்க வெச்சுட்டன்டா, நீ அறு" என்றீர்கள். அறுத்தேன். பெயிண்ட் அடித்துப் பலகையில் வைத்தால் மூக்கைக் கடலுக்குள் விட்டுக்கொண்டு நின்றது.

எங்களோடு விளையாட வரும் கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "இதென்னுங்க, வாத்து முங்கற மாதிரி இருக்குது?"

"கதவு அறுக்கற கையிங்க. கப்பலுக்கு எங்க வரும்?" என்றீர்கள்.

எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான்தான். அன்றைக்கே ரம்பம் மருந்துக்கடைக்காரர் கைக்குப் போனது. எனக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை. என் பேரும் வாத்து ஆனது. பேரை விடுங்கள், நான் ஊருக்கே பேர் வைக்கிறவன். ஆனால் அண்ணா, அதற்குப் பிறகு என் கண்ணை நானே நம்பவில்லை. சித்தூரில் போய்க் கண்ணாடி வாங்கினேன். கதவு நிலைக்கு அளவு எடுத்தால் மூன்று தரம் எடுத்தேன். ஒரு வீட்டுப் பூஜை அலமாரி வேலை, இழைப்பு அதிகம் என்று வேறு ஆளுக்குக் கைகாட்டிவிட்டேன். வாங்கிய கண்ணாடியை நீங்கள்தான் துடைத்து என் மூக்கில் மாட்டிவிட்டீர்கள். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம்.

அடிப்பாதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முனையிலிருந்து வால்வரை பாதிக் கோடு அப்படியே நிற்கிறது. ரம்பம் ஒரு நூல்கூட விலகவில்லை. கோடுதான் முன்னால் போகப் போக மேலே ஏறியிருக்கிறது. மூக்கின் அடியில் மஞ்சளாக, கல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கீறி மோந்து பார்த்தேன். கோதுமை மாவு. சமையல்காரப் புத்தி! சப்பாத்தி மாவில் நிற்க வைத்துக் கோடு போட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் மாவுக்குள் அமிழ, கோடு சாய்ந்திருக்கிறது. "அடிப்பக்கமா? குப்பையோட போட்டுக் கொளுத்திட்டன்" என்று என்னிடம் சொன்னீர்களே.

கொளுத்தியிருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. ஏன் வைத்திருந்தீர்கள்? என்றைக்காவது காட்டவா? அப்படி உங்களை நல்லவிதமாக நினைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. உயிரோடு இருக்கும்போது அகப்பட்டிருந்தால் 'மாவு கேப்டன்' என்று பேர் வைத்துக் கொழிஞ்சாம்பாறைச் சந்தைவரை கொண்டு போயிருப்பேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே காலையில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிற ஆளை எப்படி அண்ணா கிண்டல் செய்வது?

போன ஞாயிறு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். யாருக்கும் காட்டவில்லை. நீங்கள் பிரிக்காமல் விட்டுப்போன கடைசிப் பெட்டியைப் பிரித்து, புதுத் தாங்கியில் நிறுத்தி, நானே கோடு போட்டு நானே அறுத்தேன். பலகையில் வைத்தபோது அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

"அட, வாத்துக்குக் கை திரும்பிருச்சாட்ட இருக்குது!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கையி எங்கயும் போகலீங்க" என்றேன். ஷெட்டில் மாட்டியிருக்கும் உங்கள் போட்டோவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்த அடிப்பாதி இப்போது என் உளிப்பையில் இருக்கிறது. நல்ல மரத்தில் ரம்பம் வைக்கும் முன்பு பாதிக் கோட்டைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிக்கொள்கிறேன். மாவை மட்டும் சுரண்டவில்லை. அது உங்களுடையது.