ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே நம்பர்

ஏங்க,

நேத்து இன்டர்வியூ நடுவுல எனக்கு நெட் கட் ஆயிட்டே இருந்துச்சே, அப்ப உங்க தங்கச்சி முன்னாடி என்ன சொன்னீங்க? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சொல்லிட்டு சிரிப்பு வேற.

காலைல நீங்க வெளிய போனதும் உங்க கம்ப்யூட்டரை அணைச்சுப் பார்த்தேன். என் லேப்டாப்ல நெட் ஜம்முன்னு ஓடுது. உங்களுதைப் போட்டதும் படுத்துடுச்சு. நோண்டினா, நெட்டுக்கு ஆளுக்கொண்ணா இருக்க வேண்டிய ஐ.பி. நம்பரை ரெண்டுக்கும் ஒண்ணாவே போட்டு வச்சிருக்கீங்க! ஒண்ணு உள்ள வந்தா இன்னொண்ணு வெளிய. போட்டது நீங்க, பேச்சு வாங்குனது நான். வந்த ஆத்திரத்துக்கு ரூட்டரைத் தூக்கி எறிஞ்சிருக்கணும்.

எறியல. ரெண்டும் தானா வேற வேற நம்பர் எடுத்துக்கிற மாதிரி மாத்திட்டேன். இப்ப சேர்ந்தே ஓடுது. தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.

இன்டர்வியூ வச்ச ஆபீஸுக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். நேர்லயே வாங்கன்னுட்டாங்க. கிளம்பிட்டேன். உங்க தங்கச்சிக்கு நீங்களே போன் போட்டு, தப்பு யாருதுன்னு சொல்லுங்க. நான் வர்றதுக்குள்ள சொல்லியிருக்கணும்.

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சூடு பண்ணிக்கத் தெரியும்ல?

மத்தியானம் உங்களுக்கு மீட்டிங் இருக்கேன்னு கேமரா, மைக் எல்லாம் சரிபார்த்து வச்சிருக்கேன். அதுக்காக என் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க.