வேற்று முகம்

ஞாயிறு, இரவு

என் மகள் சுதா என்னோடு பேசாமல் படுக்கப் போய்விட்டாள். போகட்டும்.

அவள் தத்தெடுத்த யாழினி இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மூன்று வயது. காப்பகத்தில் அழுதால் தூக்க ஆள் இல்லாமல் அழுகையையே விட்டுவிட்ட பிள்ளை. கூரியர்காரர் கை நீட்டினாலும் போவாள். விழுந்து ரத்தம் வந்தாலும் சுதாவைத் தேட மாட்டாள். பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்டே "என்ன சமத்து!" என்று மெச்சுகிறது. சமத்தாம்!

இன்று மாப்பிள்ளையின் அக்கா வந்து அவளைத் தூக்கினார். யாழினி வீறிட்டாள். நெளிந்து இறங்கி ஓடி, சுதாவின் சுடிதாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். இதுதான் முதல் தடவை.

"இதென்ன புதுசா வேத்து முகம் பாக்குது? ரொம்ப செல்லம் குடுக்கறீங்க" என்றார் அந்த அம்மாள்.

சுதா பதறிப்போய், "சாரி அண்ணி. அத்தைடா கண்ணு, போ" என்று பிள்ளையின் விரல்களைப் பிரித்தாள்.

"விடுடி அவளை! ஒட்டிக்க ஒரு ஆள் இருக்குன்னு இப்பதான் நம்புது. அதையும் பிய்க்கிறியா?" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாள் காபியைத் தொடாமல் கிளம்பினார்.

நான் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எட்டாவதோடு நின்ற மாமாவுக்கு, அதாவது எனக்கு, குழந்தை மனசு என்ன தெரியும் என்கிறார் மாப்பிள்ளை. விருந்தாளியின் முகம் சுருங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். பிரிக்கப் பிரிக்க அந்த விரல்கள் மறுபடி பிடித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கேட்க மாட்டேன்.