உடையாத வளையல்

1946 ஆவணி, வியாழன் இரவு.

பலாத்கார வழக்கின் அப்பீலில் எங்கள் கட்சிக்காரனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. சீனியர் அடித்துப் பேசிய பாயிண்ட் நான் எழுதிக் கொடுத்தது. அந்தப் பெண் திமிறியிருந்தால் வளையல் உடைந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே அவள் சம்மதித்திருக்கிறாள். ஜட்ஜ் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

வராந்தாவில் அவளுடைய அண்ணன் என்னை மறித்தான். சாந்தோம் குப்பத்துக்காரன். குரலை உயர்த்தவில்லை.

"இன்னா சாமி, புருசன் செத்து மூணு வருசமா என் தங்கச்சி கையில வளையலே கிடையாதே. எத்த ஒடைக்கும் அது?"

"தீர்ப்பு ஆயிடுத்து, வாரும் ஓய்" என்று சீனியர் கூப்பிட்டார்.

விதவை என்று அவள் வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. அதை நகலெடுத்தவனும் நான்தான்.

டிராம் கடல்காற்றில் மிதப்பதுபோல் மயிலாப்பூர் வந்து சேர்ந்தது. வழியெல்லாம் ஏறி இறங்கிய பெண்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வெறுங்கைகள்! இத்தனை நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

பக்கத்தில் என் மனைவி கமலா தூக்கத்தில் புரள்கிறாள். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவள் வளையல்கள் கிணுகிணுக்கின்றன. சத்தம் ஓய்ந்ததும் விளக்கை அணைக்கலாம் என்றிருந்தேன். ஓய்ந்தபோது பயமாக இருந்தது.