குர்கானுக்கு மட்டும் உட்பட்டது

9 ஜூன் 2025, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து மணிக்குக் கூரியர் வந்தது. என் புகார்க் கடிதத்துக்குக் குர்கான் நாற்காலிக் கம்பெனியின் பதில். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், வழவழப்பான தாள்.

ஜனவரியில் மாதா கோயில் சரிவில் என் மனைவி மேரி உட்கார்ந்திருந்த மோட்டார் சக்கர நாற்காலி தானாக உருண்டு கேட் தூணில் மோதியது. தொடை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தாள். பக்கவாதத்தில் ஏற்கெனவே ஒரு கால் போனவள். அதற்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லையாம். முதலில் அப்படி ஒரு விபத்து நடந்ததற்கே ஆதாரம் இல்லையாம். நடந்திருந்தாலும், "உடனிருந்தவர் பிரேக் லீவரைச் சரியான நிலையில் வைக்கத் தவறியிருக்கலாம்."

உடனிருந்தவர் நான்தான். முப்பத்துநாலு வருடம் செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஃபிட்டர். எத்தனை ஆயிரம் பெட்டி என் கைபட்டு வெளியே போயிருக்கும்! ஒரு நாற்காலிக்குப் பிரேக் போடத் தெரியாதவன் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஒருத்தன் டைப் அடித்திருக்கிறான்.

எனக்கு அவன் காசு வேண்டாம். பிரேக் பழுது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். அதை வாங்காமல் விடமாட்டேன்.

10 ஜூன், செவ்வாய்

மேரிக்கு பிசியோதெரபி. வாடகைக்கு எடுத்த, கையால் தள்ளும் சக்கர நாற்காலியில்தான் போகிறாள். நான் தள்ளுகிறேன் என்றேன். "நக்கோ" என்றாள், வேண்டாமாம். பக்கத்து வீட்டு ஜுலைகாவைக் கூப்பிட்டாள்.

படுக்கையிலிருந்து எழுந்த புதிதில் இரண்டு தடவை நான் தள்ளினேன், அதற்கப்புறம் இப்படித்தான். தெருமுனை மருந்துக் கடைக்குக்கூட ஜுலைகாதான். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

இவளும் நான்தான் லீவர் போடவில்லை என்று நினைக்கிறாளா? கேட்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

17 ஜூன், செவ்வாய்

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் வக்கீல் சுமலதாவைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். தெலுங்கில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். நாற்காலி பில்லை வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி: எல்லா வழக்குகளும் குர்கான் நீதிமன்றங்களுக்கு மட்டும் உட்பட்டவை.

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். விற்கும்போது இந்தியா பூராவும் உன் கடை. கேள்வி கேட்டால் மட்டும் குர்கானா? எலும்பு உடைந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் போய் நான் நிற்கவேண்டுமா?

சுமலதா டீ வரவழைத்தார். பழைய காலத்தில் கம்பெனி இருக்கும் இடத்துக்கோ விவகாரம் நடந்த இடத்துக்கோதான் போகவேண்டியிருந்ததாம். இப்போதைய நுகர்வோர் சட்டத்தில், வாங்கியவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே புகார் கொடுக்கலாமாம். அந்தப் பொடி எழுத்து அதைத் தடுக்க முடியாதாம். விபத்தும் இங்கேதானே நடந்தது என்றேன். அதையே அவர்கள் மறுக்கிறார்கள், அதனால் குடியிருப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம் என்றார்.

பிறகு பில்லின் முன்பக்கத்தைப் பார்த்து, "இதென்ன ஜோலார்பேட்டை?" என்றார்.

சொன்னேன். போன வருடம் ஏப்ரலில் ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தோம். அந்தச் சமயம் புனேயில் இருக்கும் மகன் மோகன் என் ஆதார் முகவரியைப் போட்டு நாற்காலியை ஆர்டர் பண்ணினான். தம்பி வீட்டில் வந்து இறங்கியது. ரயிலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தோம். சுமலதா பேனாவை மூடிவைத்தார்.

18 ஜூன்

மோகன் போனில்: "டாடி, லைட் லோ. வேற சேர் வாங்கிக்கலாம்." லேசாக எடுத்துக்கொள்ளவாம். பாதியில் வைத்துவிட்டேன்.

2 ஜூலை, புதன்

இங்குள்ள நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் ஆகிவிட்டது. சின்னசாமி, வயது 67, லாலாகூடா, செகந்திராபாத்.

21 ஆகஸ்ட், வியாழன்

இன்று நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கம்பெனிக்கு சந்தீப் என்று ஒரு வக்கீல் வந்திருந்தான். கோட்டு அயர்ன் கலையவில்லை. பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஆணையத்துக்கு இந்தப் புகாரைக் கேட்கவே அதிகாரம் இல்லை என்று ஆரம்பித்தான். கம்பெனி ஹரியானாவில். பில்லும் டெலிவரியும் தமிழ்நாட்டில். ஆதார் தமிழ்நாடு, ஓட்டு தமிழ்நாடு. இவர் ஹைதராபாத்துக்கு வந்துபோகிறவர், அவ்வளவுதான். குர்கானுக்குப் போகட்டும், இல்லையென்றால் சொந்த மாவட்டம் திருப்பத்தூருக்குப் போகட்டும்.

வந்துபோகிறவனா? நாற்பத்தொரு வருடம்! இந்த ஊர்த் தூசியைத் தின்று நுரையீரலே கறுத்துப்போயிருக்கும்.

ஆணையத்தின் தலைவர் அம்மாள் என்னைப் பார்த்து, சாதாரணமாக, பெரியவரே நீங்கள் எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார்.

"ஜோலார்பேட்டை" என்றேன்.

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி கேட்டபோது சொன்னது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். சந்தீப் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டான். சுமலதா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நான் இங்கே குடியிருப்பதற்கு ஆதாரம் கொண்டுவர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

22 ஆகஸ்ட்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

25 ஆகஸ்ட், திங்கள்

பீரோவை அலசியாகிவிட்டது. ஆதார், ஓட்டு அட்டை, பான், இன்ஷூரன்ஸ், எல்லாவற்றிலும் ஜோலார்பேட்டை. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது பென்ஷன் புத்தகத்திலும் ஊர் முகவரியையே கொடுத்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கு எழுத்தே கிடையாது, வாய்ப்பேச்சுதான். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். காஸ் இணைப்பு எனக்கு முன்னால் இருந்தவர் பெயரில்.

நான் மட்டுமா? எங்கள் ஒர்க்‌ஷாப் தமிழர்களில் பாதிப் பேர் இப்படித்தான். ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போய்விடுவோம், எதற்கு மாற்றிக்கொண்டு என்று வைத்திருந்தோம். யாரும் போகவில்லை. கடைசியில் ஒரு குர்கான்காரன் வந்து நீ இங்கே இல்லை என்கிறான், இருக்கிறேன் என்று காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ஜன்னலை அடித்துச் சாத்தினேன், கண்ணாடி விரிசல் விட்டது.

30 ஆகஸ்ட், சனி

சுமலதா போன் பண்ணினார். நாற்காலியில் உட்கார்ந்தது யார்? உங்கள் மனைவி. உங்கள் சம்மதத்தோடு உபயோகித்தவரும் சட்டப்படி நுகர்வோர்தான். அவரையும் புகார்தாரராகச் சேர்த்துவிடலாம், அவருடைய தாள்களில் என்ன முகவரி என்று கேட்டார். எல்லாம் ஊர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து மேரி கையைக் காட்டினாள். தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தாள். அவள் ஆதார்.

ஆரோக்கியமேரி. கதவு எண், லாலாகூடா, செகந்திராபாத். மூன்று வருடத்துக்கு முன்னால் மாற்றியிருக்கிறாள். ஜுலைகாவைக் கூட்டிக்கொண்டு மீ-சேவா என்ற அரசு சேவை மையத்துக்குப் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுக் கத்தினேன். மூன்று வருடமா? ஊரில் அந்த நாலு சென்ட் இடத்தில் வீடு கட்டுவதாக நான் பிளான் போட்டுக்கொண்டிருந்தேனே, தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருந்தாயே என்றேன்.

"கைக்கு? எதுக்கு இப்டி கத்துறீங்க?" என்றாள். "எனக்கு டாக்டர் இங்க. கோயில் இங்க. நான் அங்க வரமாட்டேன். சொன்னா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க? இதே மாதிரிதான கத்தியிருப்பீங்க."

31 ஆகஸ்ட், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மேரி ஜுலைகாவோடு கோயில் கேட் வரை போய், அங்கிருந்தே பூசையைக் கேட்டுவிட்டு வந்தாள். சரிவு ஏறவில்லையாம்.

ஒரு பக்கம் வயிறு எரிகிறது. இன்னொரு பக்கம், அந்தத் தாள் இல்லையென்றால் என் வழக்கு குப்பைக்குப் போயிருக்கும். அது இன்னும் எரிகிறது.

6 செப்டம்பர், சனி

சுமலதா வீட்டுக்கே வந்தார், மேரியின் வாக்குமூலத்தை எழுத. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், பால் யாரிடம், மருந்து எங்கே, எந்தக் கோயில் என்று முதலில் குடியிருப்புக் கேள்விகள். மேரி பால்காரர் பெயரிலிருந்து கேட் வாட்ச்மேன் பெயர் வரை சொன்னாள். சுமலதா விடாமல் எழுதினார். அப்புறம் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நான் உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

மேரி பாதி தெலுங்கில் பாதி தமிழில் சொன்னாள். "இவரு குனிஞ்சு லீவர இழுத்துப் போட்டாரு. டக்குனு சத்தம் கேட்டுச்சு. அது எனக்குத் தெரியும், தெனம் கேக்குறதுதான். அப்புறம்தான் ஃபாதர்கிட்ட பேசப் போனாரு. ரெண்டு நிமிசம் கழிச்சு வண்டி அதுவா நகந்துச்சு. நான் கைய எதுலயும் வெக்கல."

சுமலதா அதை ஆங்கிலத்தில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எட்டு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேட்டீங்களா? கம்பெனிய திட்டினீங்க. மோகனத் திட்டினீங்க. கண்ணாடிய ஒடச்சீங்க. அன்னிக்கு இன்னா ஆச்சு மேரின்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

சரி, அப்படியென்றால் என்னை ஏன் நாற்காலியைத் தொடவிடுவதில்லை?

"நீங்க கோவத்துல தள்றீங்க. குர்கான்காரனத் தள்ற மாதிரி தள்றீங்க. பள்ளம் மேடு பாக்கறதில்ல. எனக்கு எலும்பு வலிக்குது."

கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அழுதேன் என்று எழுத என்ன வெட்கம்? அழுதேன்.

7 செப்டம்பர்

அவ்வளவுதானா? எட்டு மாதமாக நான் மனதுக்குள் என்னென்னவோ ஜோடித்துக்கொண்டிருந்தேனே. அவளுக்கு எலும்பு வலித்திருக்கிறது.

14 அக்டோபர், செவ்வாய்

வாதம் நடந்தது. மேரியைப் புகார்தாரராகச் சேர்த்தாயிற்று. கோயில் குடும்பப் பதிவேட்டின் நகல், பிசியோதெரபி சீட்டுகள், அவள் ஆதார், எல்லாம் வைத்தார் சுமலதா. சந்தீப் விடவில்லை. மனைவி ஓர் ஊர், கணவன் ஓர் ஊர் என்று எப்படி இருக்க முடியும், வழக்குக்காகவே செய்த ஏற்பாடு இது என்றான். மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்காலியே வாங்கவில்லையே என்றார் சுமலதா. தலைவர் அம்மாள் தேதியைப் பார்த்துத் தலையாட்டினார்.

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும். இன்றைக்கும் கொதித்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. புகாரை இங்கேயே விசாரிக்கலாம். பில்லின் பின்பக்க வரி நுகர்வோர் குடியிருக்கும் இடத்து ஆணையத்தின் அதிகாரத்தைப் பறிக்காது. புகார்தாரர் ஆரோக்கியமேரி இங்கே குடியிருப்பது நிரூபிக்கப்பட்டது. நாற்காலியை இங்கேயே ஓர் இன்ஜினியர் பிரித்துப் பார்க்கவேண்டும், கம்பெனி ஆள் அனுப்பவேண்டும்.

குர்கான்காரன் லாலாகூடாவுக்கு வரவேண்டும்! நன்றாக அலையட்டும். பிரேக்கைப் பிரிக்கும் அன்று நானும் பக்கத்தில் நிற்பேன்.

உத்தரவில் என் பெயர் இரண்டாவதாகத்தான் இருக்கிறது. என் குடியிருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் முகவரியை மாற்றிவிடுவது நல்லது என்கிறார் சுமலதா. யோசிக்கிறேன் என்றேன். மேரி சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

16 நவம்பர், ஞாயிறு

ஜுலைகா வழக்கம்போலக் காலையில் வந்தாள். இன்றைக்கு நீ வேலையைப் பார் என்று மேரி அவளை அனுப்பிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மெதுவா" என்றாள்.

மெதுவாகப் போனேன். மார்க்கெட் முனையில் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். பதில் சொல்லவில்லை. கோயில் கேட்டில் நிறுத்தினேன். போங்க என்றாள். சரிவில் ஏற்றி உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் உட்காரவைத்தேன். ஜனவரிக்கு அப்புறம் இன்றுதான் பூசையை உள்ளே இருந்து கேட்டாள்.

இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக, ஒவ்வோர் அடியாக இறக்கினேன். முழு எடையும் என் கையில் இருந்தது. அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன.