எறும்புகள் கண்டுபிடித்த பக்கம்

இன்று காலை என் புத்தகப் பெட்டிக்குள் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா மண்ணெண்ணெய்த் துணியோடு வந்தாள். நான் அவளைத் தடுத்துவிட்டு, அவை எங்கே போகின்றன என்று பார்த்தேன். அடியில் கிடந்த நம்முடைய நீல அட்டை நோட்டுக்குத்தான். ஒரு பக்கத்தின் ஓரத்தில் காய்ந்த ரோஜா நிறக் கறை. ஐஸ் உருண்டையின் சிரப் சொட்டி, நீ முக்காட்டு நுனியால் துடைத்தாயே, அந்த இடம். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. எறும்புகளுக்கு அது இன்னும் இனிக்கிறது.

நூல் பிடிக்கும் விளையாட்டு என்று அதற்குப் பெயர் வைத்தது நீதான். நம் டத்தோ கிராமாட் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடக்கும்போது ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வோம். அது எங்கிருந்து வந்தது, யார் கை பட்டு வந்தது என்று பின்னாலேயே போவோம். போக முடியாத இடத்தில் நிற்போம். நோட்டில் உன் கோணல் எழுத்து: "அரிசி. ரங்கூன். கப்பலில் ஏற்றியவர் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் உண்டா, தெரியாது." எனக்கு அந்தத் தெரியாதுகள் பிடிக்காது. ஏதாவது ஒரு பெயரைப் போட்டு நிரப்பிவிடலாம் என்பேன். நீ பென்சிலைப் பிடுங்கிக்கொள்வாய்.

"தெரியாததையும் எழுதணும், புள்ள. இல்லாட்டி மத்ததும் பொய்யாயிரும்."

அப்போது அந்த விளையாட்டு எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஒரு தட்டுச் சோற்றுக்குப் பின்னால் இத்தனை பேரா என்று நினைத்தால் உலகமே ஒரு வீடு மாதிரித் தோன்றும். அதைத்தான் கட்டுரையாக எழுதினேன். அதற்குப் பரிசு கொடுத்து, வெள்ளிக்கிழமை பள்ளி விழாவில் மேடையேறிப் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வாரம் நடந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியதிலிருந்து திங்கட்கிழமைதோறும் டீச்சர் கேட்பார்களே, "வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தொண்டை வலி உண்டா?" என்று. உண்டு என்றால் வீட்டோடு இருக்க வேண்டும். அந்த வாரம் என் அம்மாவுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்தாள். சுகாதாரப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். தொண்டை அடைப்பான் எப்படிப் பரவும் என்று நம்பர் போட்டு எழுதியவள். எழுந்து நின்று, "எல்லாரும் சௌக்கியம், டீச்சர்" என்றேன். பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு நாள், ஒரே பெஞ்சில், தோளோடு தோள்.

வெள்ளிக்கிழமை மேடையில் படித்தேன். "இந்த ஊரில் தனியாக இருப்பவர் ஒருவருமில்லை. ஒரு வீட்டில் விடும் மூச்சு அடுத்த வீட்டுத் திரையை அசைக்கிறது." எல்லாரும் கை தட்டினார்கள். நீ மூன்றாவது வரிசையில் இரண்டு கையிலும் முகத்தைத் தாங்கிக்கொண்டு கேட்டாய். தட்டவில்லை. அவ்வளவு கவனமாகக் கேட்கிறாய் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் உன் கேலி ஆரம்பமாகிவிட்டது.

"பண்டிதரம்மா, பரிசு வாங்கினவங்க ஐஸ் வாங்கித் தரணும்லா."

"ரெண்டு வாங்குவோம்."

"ஒண்ணு போதும். பாதி நீ, பாதி நான். மேடையில என்ன சொன்னே? அதுக்குள்ள மறந்திட்டியா?"

அந்த உருண்டைக்கும் நூல் பிடித்தோம். ஆயர் ஈத்தாம் மலைத் தண்ணீர், ஐஸ் பேக்டரி, வண்டிக்காரரின் சாக்கு, சீவுகிற சீனரின் கை. நீ இந்தப் பக்கம் உறிஞ்ச, நான் அந்தப் பக்கம். "அங்கனதான் சிரப் நெறைய, திருப்பு" என்று திருப்பித் திருப்பி. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் நீ கண்ணை மூடினாய். ஐஸ் குளிருகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காய்ச்சல். புதன்கிழமை ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வெள்ளி, ஜும்மா தொழுகை முடிந்து, உன்னைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு மாதம் தெருவில் ஒருவரும் உங்கள் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை, எதிர்ப்பக்கமாகவே போனார்கள். ஆனால் எல்லாரும் தண்ணீர் பிடித்தது ஒரே குழாயில்தான்.

நான் டிஸ்பென்சரிக்குப் போய், அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிரெசரிடம் கேட்டேன். அம்மாவுக்கு வந்தது அதுதானா, அது என் வழியாக உனக்கு வந்ததா என்று. அவர் நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"யாருக்குத் தெரியும், பாப்பா? உங்கம்மாவுக்கு அது வெறும் சளியாக்கூட இருக்கலாம். டிராம்ல பக்கத்துல உக்காந்தவன், பசார்ல இருமினவன், யார்கிட்டேருந்து வேணும்னாலும் வந்திருக்கலாம். இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாதுலா. போய்ப் படி."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நான்தான் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நான் இல்லை என்றால் தூங்கியிருப்பேன். புத்தகங்களில் தேடினேன். தொண்டை அடைப்பான் பற்றி எல்லாம் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒன்றுமில்லை. உலகம் ஒரு வீடு என்று எழுதினேனே, அந்த வீட்டில் எந்தக் கதவு வழியாக உன்னிடம் வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

போன வாரம் உன் உம்மாவிடம் போனேன். எனக்குப் பசியாற ரொட்டி எடுத்து வைத்தார்கள். அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரிடம் சொன்ன பொய், ஐஸ், எல்லாம். உன் உம்மா ரொட்டித் தட்டை என் பக்கம் இன்னும் தள்ளி வைத்தார்கள்.

"வியாழக்கெழமையே அவளுக்குத் தொண்டை வலிச்சிச்சு" என்றார்கள். "போவாதேன்னு சொன்னேன். 'அவ மேடையில படிக்கிறா, உம்மா, நான் கேக்கணும். டீச்சர்ட்ட சொல்லிராதீங்க'ன்னு காலைப் பிடிச்சிக்கிட்டா. நானும் சொல்லல. அன்னிக்கே டிரெசர்ட்ட காட்டியிருந்தா..."

நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ வாப்பாகிட்ட மட்டும் சொல்லிராதே" என்றார்கள்.

உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே பொய். அதுவும் ஒரே மேடைக்காக. உன்னால் அன்று ஏன் கை தட்ட முடியவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் வியாழக்கிழமைக்கு முன்னால் திங்கள் இருக்கிறது, செவ்வாய் இருக்கிறது. எங்கே போய் நிற்பது?

எறும்புகளை ஊதிவிட்டு, கறைக்குக் கீழே எழுதினேன். "ஐஸ் உருண்டை. பாதி அவள், பாதி நான். யாரிடமிருந்து யாருக்கு, தெரியாது." பெயர் போட்டு நிரப்பவில்லை. நீ சொன்னபடிதான் எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுத உனக்கு எப்படித்தான் கை வந்ததோ.

உன் தங்கை இப்போது என்னோடுதான் பள்ளிக்கு வருகிறாள். உன் உம்மாவே அனுப்பி வைக்கிறார்கள். இன்று திங்கள். டீச்சர் கேட்டார்கள், நானும் எழுந்து நின்று, "எல்லாரும் சௌக்கியம்" என்றேன். உண்மைதான். ஆனால் அன்றைக்கு வந்த அதே குரல்தான் வந்தது.

திரும்பும்போது அவள் ஐஸ் உருண்டை வாங்கினாள். பாதியை உறிஞ்சிவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாக்கா, பாதி."

என்னால் வாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அவளும் நீட்டிய கையை எடுக்கவில்லை, உன் பிடிவாதம். வெயிலில் அப்படியே நின்றோம். சிவப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஓடி, எங்கள் இருவருக்கும் நடுவில் சொட்டியது. எல்லாம் உருகி முடிந்த பிறகு, அந்த வெறுங்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தாள்.

இதை எழுதும்போதும் என் விரல்கள் தாளில் ஒட்டுகின்றன. இன்னும் கை கழுவவில்லை.